விமானப் பொறியாளர் சங்கத்தின் ஆண்டு விருது விருந்து: முதன்முறை பொறுப்பேற்பவருக்கு ஒரு செய்முறை

விமான, விண்வெளிப் பொறியாளர் சங்கத்தின் ஆண்டு விருது விருந்தை இந்த முறை நீங்கள்தான் நடத்த வேண்டும் என்று செயற்குழு முடிவு செய்துவிட்டதா? பொறுப்பேற்ற எவரும் முதல் வேலையாக மண்டபம் தேடிக் கிளம்புவார்கள். மண்டபத்தைப் பதிவு செய்ய ஒரு தொலைபேசி அழைப்பு போதும். விருதுக்குத் தகுந்தவரைக் கண்டுபிடிக்கத்தான் மாதங்கள் வேண்டும்.

இந்தத் துறையில் அது கூடுதலாகவே கடினம். விமானம் பத்திரமாகத் தரையிறங்கினால் யாரால் என்று எவரும் கேட்பதில்லை. ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான் பல பொறியாளர்களின் ஆயுட்காலச் சாதனை. அதைத் தோண்டி எடுத்து, நான்கு பேர் நடுவில் உரக்கச் சொல்வதற்குத்தான் இந்த விருந்து.

படி 1: இரண்டு குழுக்களைப் பிரியுங்கள்

விருதுக் குழு வேறு, விருந்துக் குழு வேறு. புரவலர்களிடம் பணம் கேட்டு அலைகிறவர், விருது யாருக்கு என்று முடிவு செய்யும் மேசையில் உட்காரக் கூடாது. புரவலர் நிறுவனத்து ஊழியர் நியாயமாகவே வென்றாலும் முணுமுணுப்பு எழும். அந்தப் பழி வென்றவர் தலையில்தான் விழும்.

விருதுக் குழுவுக்கு ஐந்து பேர் போதும். ஓய்வு பெற்ற ஒருவர், பேராசிரியர் ஒருவர், விமானப் பராமரிப்பில் இருக்கும் ஒருவர், இளையவர் ஒருவர் கட்டாயம் இருக்கட்டும். ஐவரும் வடிவமைப்புப் பொறியாளர்களாக இருந்தால் விருதுகளும் வடிவமைப்பாளர்களுக்கே போகும்.

படி 2: தேதியைக் குறித்துவிட்டுப் பின்னோக்கி எண்ணுங்கள்

விருந்துக்கு 20 வாரங்களுக்கு முன் பரிந்துரை அறிவிப்பு, 12 வாரங்களுக்கு முன் கடைசி நாள், 10 வாரங்களுக்கு முன் தேர்வு, 6 வாரங்களுக்கு முன் கேடயங்களுக்கு ஆர்டர். இதைவிடச் சுருக்கினால் பாராட்டுரைகளைத்தான் அவசரமாக எழுதுவீர்கள்.

வரலாற்று நாளில் வைக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். ரைட் சகோதரர்கள் பறந்த டிசம்பர் 17 (1903) அழகான நாள்தான். ஆனால் பல இடங்களில் ஆண்டு இறுதி விடுமுறை தொடங்கும் நேரம். உலகின் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் ஏவப்பட்ட அக்டோபர் 4 (1957) முதல் 10 வரை ஐக்கிய நாடுகள் சபையின் உலக விண்வெளி வாரம். உங்கள் பேச்சாளர்களை நாலு பேர் கூப்பிடும் வாரம் அது. முதல் மனிதராக ககாரின் விண்வெளிக்குப் பறந்த ஏப்ரல் 12 (1961) எனக்குப் பிடித்த தேதி. எந்த நாளானாலும், உறுப்பினர்கள் வேலை செய்யும் நிறுவனங்களில் ஏவுதலோ பெரிய சோதனையோ அந்த வாரத்தில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஏவுதல் தேதி தள்ளிப்போவது வாடிக்கை. முன்னும் பின்னும் இடம் விட்டே கணக்கிடுங்கள்.

படி 3: எத்தனை விருதுகள், எவை எவை

ஐந்து அல்லது ஆறு. பத்துக்கு மேல் போனால் கைதட்டல் தளர்ந்துவிடும்.

ஆண்டின் சிறந்த பொறியாளர், இளம் பொறியாளர், மாணவர், ஆசிரியர் ஆகியவை எல்லாச் சங்கங்களிலும் உண்டு. நான் வற்புறுத்துவது இன்னும் இரண்டை.

ஒன்று, தொழில்நுட்பக் கலைஞருக்கான விருது. 1903இல் பறந்த ரைட் விமானத்தின் எஞ்சினைச் சைக்கிள் கடையில் வைத்து உருவாக்கியவர் சார்லி டெய்லர் என்ற மெக்கானிக். 50 ஆண்டுகள் பராமரிப்புப் பணியில் இருந்தவர்களுக்கு அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் இன்று அவர் பெயரில்தான் விருது தருகிறது. உங்கள் சங்கத்திலும் ஒரு டெய்லர் இருப்பார். அவர் உறுப்பினராகக்கூட இல்லாமலிருக்கலாம். விதி இடம் கொடுத்தால் அவருக்கும் கொடுங்கள், கொடுக்காவிட்டால் விதியைத் திருத்துங்கள்.

மற்றொன்று, குழு விருது. நிலவுக்குப் போகும் வழியில் பழுதடைந்த அப்போலோ 13 விண்கலத்தைத் திருப்பிக் கொண்டுவந்த தரைக் கட்டுப்பாட்டுக் குழுவுக்கு 1970இல் அமெரிக்க அதிபரின் சுதந்திரப் பதக்கம் முழுக் குழுவுக்குமாக வழங்கப்பட்டது. விமானத் துறைச் சாதனைக்கு அமெரிக்காவில் ஆண்டுதோறும் தரப்படும் காலியர் கோப்பை, 1947ஆம் ஆண்டில் வேறொரு வழியைக் காட்டுகிறது. ஒலியின் வேகத்தை முதன்முதலில் தாண்டியதற்கு விமானியான சக் யேகருக்கு மட்டும் கொடுத்திருந்தால் யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். ஆய்வில் வழிகாட்டிய ஜான் ஸ்டாக், விமானத்தைக் கட்டிய லாரன்ஸ் பெல், அதை ஓட்டிய யேகர் என மூவருக்கும் பகிர்ந்தார்கள். ஒரு சாதனைக்கு எத்தனை கைகள் என்று யோசிக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

தாய்ச் சங்கத்தின் கிளையாக நீங்கள் இயங்கினால், நீண்டகால உறுப்பினர் பட்டியலை இப்போதே கேட்டு வாங்குங்கள். 25, 40, 50 ஆண்டுகள் உறுப்பினராக இருந்தவர்களுக்கு விருந்தில் சான்றிதழும் சின்னமும் தருவது நல்ல மரபு. அந்தப் பட்டியலில் காலமானவர்களின் பெயர்களும் முகவரி மாறியவர்களின் பெயர்களும் கலந்திருக்கும். ஒவ்வொன்றையும் தொலைபேசியில் சரிபார்த்த பிறகே அச்சுக்குக் கொடுங்கள்.

படி 4: பரிந்துரைகளைத் தேடிப் போங்கள்

அறிவிப்பை அனுப்பிவிட்டுக் காத்திருந்தால் ஒன்றும் வராது. நல்ல பொறியாளர் தன்னைப் பற்றிப் பேச மாட்டார். அவருடைய மேலாளருக்கு நேரம் இருக்காது. ஒரு பக்கப் படிவத்தில் மூன்று கேள்விகள் மட்டும் கேளுங்கள்: என்ன சிக்கல் இருந்தது? இவர் இல்லாவிட்டால் எது நடந்திருக்காது? அதன் பிறகு என்ன மாறியது?

படிவத்தை அனுப்பிய கையோடு தொலைபேசியை எடுங்கள். சோதனைக் கூடத்திலும் தரக் கட்டுப்பாட்டிலும் இருப்பவர்களிடம் கேளுங்கள். யார் உண்மையில் வேலை செய்தார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். வெளியே சொல்ல முடியாத பாதுகாப்புத் திட்டம் என்றால், நிறுவனம் அனுமதித்த வாசகத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஊகித்து எழுத வேண்டாம்.

படி 5: தேர்வு

குழுவில் ஒருவர் பரிந்துரைக்கப்பட்டவரின் சக ஊழியராகவோ முன்னாள் வழிகாட்டியாகவோ இருந்தால், அந்த விருதைப் பேசும்போது வெளியே போய்விட வேண்டும். மதிப்பெண் போட்டுக் கூட்டிப் பார்ப்பது பேச்சைத் தொடங்க உதவும். முடிவு பேச்சில்தான் வர வேண்டும். தகுந்தவர் இல்லை என்றால் அந்த ஆண்டு அந்த விருது வேண்டாம்.

முடிவானதும் வென்றவரிடம் சொல்லிவிடுங்கள். கடைசிவரை ரகசியம் காக்க நினைத்தால், அன்று மாலை அவர் வேறு ஊரில் இருப்பார். மறைந்தவருக்கான விருது என்றால் குடும்பத்தில் யார் வாங்கிக்கொள்வார்கள் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.

படி 6: பாராட்டுரை

இந்தச் செய்முறை முழுவதிலும் நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். கேடயம் அலமாரியில் தூசி படியும். வாசித்த நான்கு வரிகளைத்தான் அவர் வீட்டில் எடுத்துச் சொல்வார்.

வழக்கமாக எழுதப்படுவது இப்படி இருக்கும்: “விண்வெளித் துறைக்கு ஆற்றிய அரும்பணிக்காகவும் தன்னலமற்ற சேவைக்காகவும்.” பெயரை மாற்றினால் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும்.

1954ஆம் ஆண்டின் காலியர் கோப்பை ரிச்சர்ட் விட்காம்ப் என்ற பொறியாளருக்குக் கிடைத்தது. ஒலியின் வேகத்தை நெருங்கும் விமானத்தின் இழுவை (அதைப் பின்னுக்கு இழுக்கும் காற்றின் தடை), அதன் மொத்தக் குறுக்குவெட்டுப் பரப்பு நீளவாக்கில் எப்படி ஏறி இறங்குகிறது என்பதைப் பொறுத்தது என்று கண்டவர் அவர். இறக்கை சேரும் இடத்தில் உடற்பகுதியை ஒடுக்கினால் இழுவை குறையும். இதுதான் பரப்பு விதி. அந்தப் பாராட்டுரையின் சாரம் மூன்றே செய்திகள்: பரப்பு விதியைக் கண்டறிந்தார், சோதனையால் நிறுவினார், அதே எஞ்சின் திறனில் அதிக வேகமும் தொலைவும் கிடைத்தன. என்ன செய்தார், அது உண்மை என்று எப்படித் தெரியும், யாருக்கு என்ன பயன். உங்கள் பாராட்டுரைக்கும் அந்தச் சட்டகம் போதும்.

நான் கற்பனையாக ஒன்று எழுதிக் காட்டுகிறேன்:

“இறக்கைக்குத் திரும்பத் திரும்பச் சுமை கொடுத்துப் பார்க்கும் களைப்புச் சோதனையில் ஓர் உணரி மட்டும் மற்றவற்றோடு ஒத்துப்போகாதபோது, அதைப் பழுது என்று ஒதுக்க மறுத்து, ரிவெட் வரிசையின் அடியில் மறைந்திருந்த விரிசலைக் கண்டறிந்ததற்காக, அதன் பயனாக அந்த வகை விமானங்கள் அனைத்துக்கும் ஆய்வு இடைவெளி மாற்றப்பட்டதற்காக.”

சிறப்பு, அரிய, மகத்தான என்ற அடைமொழி ஒன்றுகூட இதில் இல்லை. தேவையும் இல்லை. அரங்கில் இருப்பவர்களில் பாதிப் பேர் பொறியாளர்கள். “அதைப் பழுது என்று ஒதுக்க மறுத்து” என்ற இடத்திலேயே அந்த ஆளின் குணம் அவர்களுக்குப் புரிந்துவிடும். மீதிப் பாதி குடும்பத்தினர். அவர்களுக்காக எழுத்துச் சுருக்கங்களை விரித்து எழுதுங்கள்.

எழுதியதைக் கடிகாரம் வைத்து உரக்க வாசியுங்கள். முக்கால் நிமிடம் சரியான அளவு. பிறகு பரிந்துரைத்தவரிடம் காட்டி உண்மைகளைச் சரிபாருங்கள்; பெயரை எப்படி உச்சரிப்பது என்று வென்றவரிடமே கேளுங்கள். கேடயத்தில் பொறிக்கும் வாசகத்தை, எழுதியவரைத் தவிர வேறொருவர் ஒவ்வோர் எழுத்தாக, முடிவிலிருந்து தொடக்கம் நோக்கிப் படிக்க வேண்டும். முன்னிருந்து படித்தால் கண் தானாகப் பிழையைத் திருத்திக்கொள்ளும்.

படி 7: பேச்சாளர்

விண்வெளி வீரரோ சோதனை விமானியோ வந்தால் டிக்கெட் விற்கும். ஆனால் தோல்வியைப் புலனாய்வு செய்த பொறியாளர் பேசும்போது அரங்கம் அசையாமல் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். கிடைத்தால் அவரையே பிடியுங்கள்.

அழைத்த அன்றே ஒன்றைக் கேளுங்கள்: உங்கள் படங்களுக்கு நிறுவனத்தின் வெளியீட்டு அனுமதி வேண்டுமா? பல நாடுகளில் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு விதிகள் ராக்கெட், ஏவுகணைத் தொழில்நுட்பத்துக்குக் கடுமையாக இருக்கின்றன. அனுமதிக்கு வாரக்கணக்கில் ஆகலாம். அரசு ஊழியர் என்றால் இலவசச் சாப்பாட்டையும் பரிசையும் ஏற்க அவருக்கு விதி அனுமதிக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். பேச்சுக்கு 25 நிமிடம்.

படி 8: மண்டபம், சாப்பாடு, பணம்

சுருக்கமாகச் சொல்கிறேன். ஒலி நன்றாக இருக்கும் சின்ன மண்டபம், எதிரொலிக்கும் பெரிய மண்டபத்தைவிட மேல். உணவுக் கட்டுப்பாடுகளைப் பதிவுப் படிவத்திலேயே கேளுங்கள். புரவலர்கள் முழு மேசையாக வாங்கும்போது இரண்டு இருக்கைகளை மாணவர்களுக்கு விட்டுத்தரச் சொல்லுங்கள். ஆனால் மாணவர்களை ஒரே மேசையில் குவிக்காதீர்கள். ஓய்வு பெற்ற உந்துவிசைப் பொறியாளருக்குப் பக்கத்தில் ஒரு மாணவியை உட்காரவைத்தால், இனிப்பு வருவதற்குள் கைத்துண்டில் எஞ்சின் முனைக்குழாய் வரைந்துகொண்டிருப்பார்கள்.

படி 9: அன்றைய மாலை

2011 வரை பறந்த அமெரிக்க விண்வெளி ஓடத்தின் கவுன்ட்டவுனில் 20ஆம் நிமிடத்திலும் 9ஆம் நிமிடத்திலும் கடிகாரத்தைத் திட்டமிட்டே நிறுத்தி வைத்தார்கள். பின்தங்கிய வேலைகள் அந்த இடைவெளியில் முடிந்தன. உங்கள் நிகழ்ச்சி நிரலிலும் அப்படி இரண்டு நிறுத்தங்களை, பத்துப் பத்து நிமிடமாக, வெளியே அச்சிடாமல் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று சாப்பாடு பரிமாறும் முன், மற்றொன்று பேச்சாளருக்கு முன்.

விருதுகளைச் சாப்பாட்டுக்கும் பேச்சுக்கும் நடுவில் வையுங்கள். பேச்சுக்குப் பிறகு வைத்தால் பாதி நாற்காலிகள் காலி. மேடையோர மேசையில் கேடயங்களை அழைக்கும் வரிசையில், பெயர் தொகுப்பாளரை நோக்கியிருக்கும்படி அடுக்குங்கள். எடுத்துக் கொடுக்க ஒரே ஆள். வென்றவர்கள் ஓரத்து இருக்கைகளில் இருந்தால் மேடைக்கு விரைவாக வருவார்கள். ஏற்புரைக்கு ஒரு நிமிடம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். புரொஜெக்டரைப் பேச்சாளரின் சொந்த மடிக்கணினியோடு, காணொளியின் ஒலி உட்பட, மண்டபக் கதவு திறக்கும் முன்பே ஓட்டிப் பாருங்கள்.

படி 10: மறுநாள் காலை

பாராட்டுரையையும் நல்ல புகைப்படம் ஒன்றையும் வென்றவருக்கும், அவர் சம்மதித்தால் அவருடைய மேலாளருக்கும் அனுப்புங்கள். தேர்வாகாத பரிந்துரைகளைத் தூக்கி எறியாதீர்கள். பரிந்துரைத்தவருக்கு நன்றி சொல்லி, அடுத்த ஆண்டுக்கும் அதைக் கணக்கில் எடுக்கலாமா என்று கேளுங்கள். வென்றவர்களின் கோப்புகளைத் தாய்ச் சங்கத்தின் தேசிய விருதுகளுக்கும் உயர்நிலை உறுப்பினர் தகுதிக்கும் அனுப்ப முடியும். அவற்றின் கடைசி நாள்கள் வேறு வேறாக இருக்கும் என்பதால் விருந்து முடிந்த வாரத்திலேயே பார்த்துவிடுங்கள்.