பேக்கப் சர்வருக்கு அட்மின் கணக்கு போடுவது எப்படி

ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கத்து டேனரி, ஷூ கம்பெனி ஆபீஸ்களில் டேலி டேட்டாவும் ஷிப்பிங் பில் ஸ்கேனும் ராத்திரியில் போய்ச் சேர, இரண்டு டிஸ்க் போட்ட ஒரு சின்னப் பெட்டி, அதாவது பேக்கப் சர்வர், மூலையில் இருக்கும். விற்ற கடையின் ஆளே செட் செய்து, பாஸ்வேர்டைத் துண்டுச்சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டிவிட்டுப் போயிருப்பார். கணக்கர் கம்ப்யூட்டரிலும் அதே பாஸ்வேர்டுதான் சேவ் ஆகியிருக்கும். அந்தக் கம்ப்யூட்டரில் ரேன்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) ஏறினால் பேக்கப்பும் சேர்ந்தே போகும். அதனால் அட்மின் கணக்கு வேறு, பேக்கப் எழுதும் கணக்கு வேறு என்று முதலில் பிரிக்க வேண்டும்.

கீழே உள்ள மெனு பெயர்கள் சினாலஜி கம்பெனிப் பெட்டியை இயக்கும் டிஎஸ்எம் 7 மென்பொருளுக்கு உரியவை. கியூநாப் என்ற வேறு கம்பெனிப் பெட்டி வைத்திருப்பவர்களுக்குப் பெயர் மாறும், வேலை மாறாது.

முகவரி

ரூட்டரில் அந்தப் பெட்டியின் மேக் முகவரிக்கு (கருவியின் அடையாள எண்) ஒரு ஐபியை (நெட்வொர்க் முகவரி) ரிசர்வ் செய்யுங்கள், உதாரணமாக 192.168.1.50. இதைச் செய்யாவிட்டால், கரன்ட் போய் வந்த பிறகு ஐபி மாறி, பேக்கப் சத்தமில்லாமல் நின்றுவிடலாம். பிறகு பிரவுசரில் ஹெச்டிடிபிஎஸ் சேர்த்து அந்த ஐபி, கோலன், 5001 என்று அடியுங்கள். 5000 போர்ட்டிலும் திறக்கும், ஆனால் போய்வரும் தகவல் மூடாத தபால் அட்டை மாதிரி நெட்வொர்க்கில் போகும். 5001-ல் 'பாதுகாப்பற்றது' என்று பிரவுசர் மிரட்டினால், அது பெட்டி தனக்குத் தானே போட்டுக்கொண்ட சான்றிதழைப் பார்த்துத்தான். ஐபி சரியா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் இருந்தால் தொடரலாம்.

புது அட்மின்

கன்ட்ரோல் பேனல், யூசர் அண்ட் குரூப், கிரியேட். பெயரில் அட்மின், பேக்கப், கம்பெனி பெயர் மூன்றும் வேண்டாம். பாஸ்வேர்டை அடித்து அடித்துப் பார்க்கும் தானியங்கி நிரல்கள் (போட்கள்) முதலில் முயல்வது அவற்றைத்தான். சம்பந்தமில்லாத நாலைந்து சொற்களைக் கோத்து 16 எழுத்துக்கு மேல் பாஸ்வேர்டு வையுங்கள். குரூப் பக்கத்தில் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் என்பதை டிக் செய்யுங்கள்.

இங்கே ஒரு சிக்கல் வரும். சினாலஜியில் 'நோ ஆக்சஸ்' எல்லாவற்றையும் வெல்லும். புது அட்மின் வேறொரு குரூப்பிலும் இருந்து, அந்த குரூப்புக்கு ஒரு ஃபோல்டரில் நோ ஆக்சஸ் இருந்தால், அட்மினுக்கே அந்த ஃபோல்டர் திறக்காது. அட்மினை வேறு எந்த குரூப்பிலும் சேர்க்காமல் விடுவதே நல்லது.

கடைக்காரர் போட்ட பழைய கணக்கை உடனே மூடிவிடாதீர்கள். இன்காக்னிட்டோ ஜன்னலில் புதுக் கணக்கால் நுழைந்து, கன்ட்ரோல் பேனல் முழுதாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்த பிறகு, புதுக் கணக்கில் இருந்தபடியே பழையதை டிஆக்டிவேட் செய்யுங்கள்.

அடுத்தது இரண்டு படி சரிபார்ப்பு, அதாவது பாஸ்வேர்டோடு போனில் வரும் ஓர் எண்ணையும் கேட்பது. அதைத் தொடங்கும் முன் ரீஜனல் ஆப்ஷன்ஸில் நேர மண்டலம் சென்னை என்று இருக்கிறதா, நேரம் என்டிபி சர்வரிலிருந்து (நெட்வொர்க் வழியே சரியான நேரம் தரும் சர்வர்) வருகிறதா என்று பாருங்கள். போனில் வரும் ஆறு இலக்க எண் 30 நொடிக்கு ஒருமுறை மாறும். பெட்டியின் கடிகாரம் சில நிமிடம் பிசகினாலும் சரியான எண்ணைத் தப்பு என்று சொல்லிவிடும். போன் தொலைந்தால் என்ன செய்வது? இதே மாதிரி இரண்டாவது அட்மின் கணக்கு ஒன்று போட்டு, அதன் பாஸ்வேர்டையும் சரிபார்ப்புச் சாவியையும் (அந்த ஆறு இலக்க எண்ணை உருவாக்கும் ரகசியக் குறி) தாளில் எழுதி, உறையில் ஒட்டி, முதலாளியின் லாக்கரில் வையுங்கள். அன்றாட வேலைக்கு அந்த உறையைத் தொடக்கூடாது.

பேக்கப் எழுதும் கணக்கு

இதற்கு அட்மின் குரூப் கிடையாது. பேக்கப் ஃபோல்டருக்கு மட்டும் ரீட்/ரைட், மற்றவற்றுக்கு நோ ஆக்சஸ். அப்ளிகேஷன் பிரிவிலேஜஸ் பக்கத்தில் எஸ்எம்பி (விண்டோஸ் ஃபோல்டர் பகிர்வு) மட்டும் அனுமதி, டிஎஸ்எம் உட்பட மீதியெல்லாம் மறுப்பு.

கணக்கர் கம்ப்யூட்டரில் முன்பு பெட்டியின் ஃபோல்டரை அட்மின் பெயரில் டிரைவாக இணைத்து (டிரைவ் மேப்) வைத்திருந்தால், புதுக் கணக்கைக் கொடுக்கும்போது 1219 பிழை வரும். ஒரே சர்வருக்கு ஒரே சமயத்தில் இரண்டு யூசர் பெயரை விண்டோஸ் ஏற்காது. பழைய டிரைவைத் துண்டித்து, கிரெடென்ஷியல் மேனேஜரில் பழைய பாஸ்வேர்டை அழித்து, சைன் அவுட் ஆகி வாருங்கள். அழிப்பதுதான் முக்கியம், அது அங்கேயே கிடந்தால் இவ்வளவு நேரம் செய்தது வீண்.

ஆட்டோ பிளாக்

செக்யூரிட்டி பகுதியில் ஆட்டோ பிளாக்கை இயக்கி, 5 நிமிடத்தில் 10 தப்பு முயற்சி என்று வைத்தால் போதும். 'சர்வர் செத்துப்போச்சு சார்' என்று ஒரே ஒரு சீட்டிலிருந்து குரல் வந்தால், பழைய பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு அந்தக் கம்ப்யூட்டர் தட்டித் தட்டித் தானே பிளாக் ஆகியிருக்கும். வேறு கம்ப்யூட்டரிலிருந்து நுழைந்து பிளாக் லிஸ்ட்டில் அந்த ஐபியை நீக்குங்கள். அட்மின் உட்காரும் கம்ப்யூட்டரை முன்கூட்டியே அலவ் லிஸ்ட்டில் சேர்த்து வையுங்கள்.

வீட்டிலிருந்து பார்க்கலாமே என்று ரூட்டரில் 5001-ஐத் திறந்துவிட வேண்டாம். 2022 ஜனவரியில் டெட்போல்ட் ரேன்சம்வேர் தாக்கியது இப்படி இணையத்தைப் பார்த்துத் திறந்திருந்த கியூநாப் பெட்டிகளைத்தான். விபிஎன் (வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் வரும் பூட்டிய வழி) வழியாகவே வாருங்கள்.

அட்மின் பாஸ்வேர்டே திருடு போனாலும் பேக்கப் தாங்க வேண்டுமா? டிஎஸ்எம் 7.2 முதல், பிடிஆர்எஃப்எஸ் (ஃபைல்களை டிஸ்க்கில் வைக்கும் ஒரு முறை) வால்யூமில், ஆதரிக்கும் மாடல்களில், ஸ்னாப்ஷாட்டை (ஒரு நேரத்தில் ஃபோல்டர் இருந்த நிலையின் பதிவு) 7 முதல் 30 நாள் வரை பூட்டலாம். அதுவரை அட்மினாலும் அழிக்க முடியாது. இடத்தைக் கணக்குப் பார்த்துக்கொண்டு 14 நாள் வையுங்கள்.

பெட்டியின் முதுகு

பின்பக்கத்தில் ஒரு சின்ன ரீசெட் துளை இருக்கும். குண்டூசியால் 4 நொடி அழுத்திப் பிடித்து, ஒரு பீப் கேட்டதும் விட்டால், அட்மின் என்ற பழைய கணக்கு பாஸ்வேர்டு இல்லாமல் திறந்துவிடும். டேட்டா போகாது. மறந்தவருக்கு இது உதவி, உள்ளே வரும் எவருக்கும் இதே உதவி. பீப்புக்குப் பிறகு உடனே மறுபடி 4 நொடி அழுத்தினால் டிஎஸ்எம்மையே மறுபடி நிறுவச் சொல்லும், ஆகவே கையை எடுத்துவிடுங்கள்.

பெட்டியைப் பூட்டும் ரேக்கில் வையுங்கள், ஆனால் கதவு வலையாக இருக்கட்டும். வேலூர்க் கத்திரி வெயிலில் மூடிய மர அலமாரிக்குள் டிஸ்க் வெந்துவிடும். ரீசெட் செய்ய நேர்ந்தால் ஆட்டோ பிளாக்கும் ஃபயர்வாலும் அணைந்து, கையால் போட்ட ஐபியும் போய்விடும். பேக்கப்பை ஓட விடும் முன் அவற்றை மறுபடி போட்டு, அட்மின் என்ற அந்தக் கணக்கையும் மூடுங்கள்.