துறைமுகத் தலைவராக வருபவரிடம் நாடாளுமன்றக் குழு கேள்வி கேட்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

அயர்லாந்தில் அரசுக்குச் சொந்தமான துறைமுக நிறுவனம் ஒன்றின் இயக்குநர் குழுவுக்குத் தலைவராக ஒருவரை அமைச்சர் நியமிக்க முற்படும்போது, அந்த நபர் போக்குவரத்துக்கான நாடாளுமன்றக் கூட்டுக்குழுவின் முன் அமர்ந்து உறுப்பினர்களின் கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டும் என்பது 2011-ல் அரசு எடுத்த முடிவையொட்டி வந்த நடைமுறை. இந்த அமர்வைக் கேட்க உட்காருபவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, நியமனத்தைத் தடுக்கும் அதிகாரம் குழுவுக்குக் கிடையாது என்பதுதான். அமர்வின் நடவடிக்கைக் குறிப்பை அமைச்சருக்கு அனுப்பிவைப்பதோடு குழுவின் வேலை முடிந்துவிடுகிறது. ஆகவே, பின்னாளில் எடுத்துக்காட்டிக் கேட்கத்தக்க எந்தச் சொல் பதிவேறுகிறது என்று பார்ப்பதே பயன் தரும்.

அதற்கு இரண்டு ஆவணங்களை முன்கூட்டியே படித்துவிடுவது நல்லது. முதலாவது, 2013-ஆம் ஆண்டின் தேசியத் துறைமுகக் கொள்கை. டப்ளின், கார்க், ஷானன் ஃபாயின்ஸ் ஆகிய மூன்றையும் முதல் தரத்தில் வைக்கும் அக்கொள்கை, வணிகத் துறைமுகங்கள் அரசு கருவூலத்தை நம்பாமல் சொந்த வருவாயில் நிற்க வேண்டும் என்கிறது. இரண்டாவது, நிறுவனத்தின் அண்மைய ஆண்டறிக்கை. அதில் லாபம், கடன், அரசுக்குச் செலுத்திய ஈவுத்தொகை ஆகிய மூன்று எண்களைக் குறித்துக்கொண்டால் போதும். புகைப்படப் பக்கங்களைப் புரட்டிவிடலாம்.

அமர்வின் தொடக்கத்தில் கூட்டத் தலைவர், சாட்சியமளிப்பவருக்கு அவதூறு வழக்கிலிருந்து உள்ள பாதுகாப்பையும், அவைக்கு வெளியே உள்ளவர்களைப் பெயர் சுட்டிக் குறைகூறக் கூடாது என்ற மரபையும் வாசிப்பார். சலிப்பூட்டும் பகுதிதான், ஆனால் பின்னர் ஓர் உறுப்பினரின் பேச்சு பாதியில் நிறுத்தப்பட்டால் பெரும்பாலும் காரணம் இதுவாகவே இருக்கும். அடுத்து வரும் தொடக்க உரையில், அந்த நபர் வகிக்கும் பிற இயக்குநர் பதவிகளை மட்டும் தனியே குறித்துக்கொள்ள வேண்டும். கப்பல், நிலம், எரிசக்தி ஆகிய துறைகளில் ஏதேனும் ஒன்றில் அவருக்குத் தொடர்பிருந்தால், எந்த விவாதங்களிலிருந்து விலகியிருப்பார் என்று யாராவது கேட்கிறார்களா என்பதைக் கவனிக்க வேண்டும்.

அமர்வின் உயிர் கேள்விகளில் இருக்கிறது. தொகுதிச் சாலையில் லாரிகள் நிற்பதைப் பற்றி ஓர் உறுப்பினர் கேட்டால், அது அன்றாட நிர்வாகம், தலைமை நிர்வாக அதிகாரியின் பொறுப்பு என்ற பதில் வரும். அது நியாயமான பதில்தான். இயக்குநர் குழுத் தலைவரிடம் கேட்க வேண்டியவை திசை, பணம், மேற்பார்வை ஆகியவை. டப்ளினை எடுத்துக்கொள்வோம். 2012-ல் வெளியாகி 2018-ல் மறுபரிசீலனை செய்யப்பட்ட அதன் பெருந்திட்டம் 2040 வரை நீள்கிறது; அதன் இறுதிக் கட்டத்தில் லிஃபி ஆற்றைக் கடக்கும் புதிய பாலமும் அடங்கும். ‘துறைமுக வளர்ச்சிக்கு என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டால் வாழ்த்துரைதான் கிடைக்கும். ‘இந்தக் கட்டுமானத்துக்குக் கடன் உயரும்போது ஈவுத்தொகையைக் குறைக்குமாறு அமைச்சரிடம் கேட்பீர்களா?’ என்று கேட்டால், ஆம் என்றாலும் இல்லை என்றாலும் அது பதிவில் நிற்கும். மழுப்பினால் மழுப்பலும் நிற்கும்.

‘இன்னும் பொறுப்பேற்கவில்லை, ஆவணங்களைப் பார்த்த பிறகு சொல்கிறேன்’ என்பது புதியவர்களுக்கு எளிதில் கைகொடுக்கும் விடை. அதை முழுக்கத் தட்டிக்கழிப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் நல்ல உறுப்பினர் அங்கேயே விடாமல், எப்போது திரும்பி வந்து சொல்வீர்கள் என்று காலவரையறை கேட்பார். அந்தத் தேதி கிடைத்தால் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளலாம்.

அமர்வு முடிந்ததும் நாடாளுமன்றத்தின் இணையதளத்தில் வெளியாகும் குறிப்பைச் சேமித்துவைத்து, அடுத்த ஆண்டறிக்கை வரும்போது குறித்துவைத்த அந்த மூன்று எண்களோடு பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். அதே நபர் இரண்டாவது பதவிக்காலத்துக்காகக் குழுவின் முன் வந்தால் புதியவர் என்ற சாக்குக்கு இடமில்லை. முதல் அமர்வின் குறிப்பையும் எடுத்துவைத்துக்கொண்டு கேட்கலாம்.