ஹாகி கோப்பைக் கசிவு: கஞ்சித்தண்ணீரில் தீர்ந்தது

ஜப்பானின் யமகுச்சி மாகாணத்து ஹாகி மண்பாண்டக் கோப்பை. தேநீர் ஊற்றிச் சற்று நேரத்தில் மேசையில் ஈர வளையம். விளக்கொளியில் தேடியும் விரிசல் இல்லை. வெயிலில் காயவைத்தும் நிற்கவில்லை. சிலர் பசை தடவச் சொன்னார்கள். குடிக்கும் பாத்திரத்துக்கு அது வேண்டவே வேண்டாம்.

கவனிக்க வேண்டியது இது: வெளிச்சுவர் காய்ந்தே இருந்தது, மெருகு (கண்ணாடி போன்ற மேற்பூச்சு) பூசாத அடிவளையம் மட்டும் ஈரம். மெருகிலுள்ள மயிரிழைக் கீறல்கள் வழியே நீர் நுண்துளை மண்ணில் இறங்கி அங்கே வெளிவருகிறது.

ஒரு லிட்டர் குளிர்ந்த நீரில் ஒரு மேசைக்கரண்டி அரிசிமாவைக் கரைத்து, பாத்திரத்தின் அடியில் துணி விரித்து, கோப்பையை முழுக்க மூழ்கவைத்துச் சிறுதீயில் 20 நிமிடம் கொதிக்கவிட்டேன். எடுக்காமல் அதே நீரிலேயே ஆறவிட்டேன். சூடாக எடுத்தால் மெருகு மேலும் கீறும். பிறகு கழுவி, கவிழ்த்து, இரண்டு மூன்று நாள் காயவைத்தேன். ஈரம் தங்கினால் கீறல்களை அடைத்திருக்கும் மாவு பூஞ்சை பிடிக்கும். கசிவு நின்றது, நிம்மதி. உடைந்து அரக்கால் ஒட்டிய கோப்பையை மட்டும் கொதிக்கவிடாதீர்கள்.