ஒப்பந்தம் அமலாகிவிட்டது, வரிச்சலுகையை வாங்குவது எப்படி?

ஒரு பிராந்தியத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானதும் "இனி வரியே கிடையாது" என்று செய்தி வரும். அதை நம்பிச் சரக்கை அனுப்பினால், போய்ச் சேர்ந்த துறைமுகத்தில் முழு வரியையும் கட்டு என்பார்கள். செய்தியும் பொய்யில்லை, கஸ்டம்ஸ் அதிகாரி சொல்வதும் தப்பில்லை. ஒப்பந்தம் கொடுப்பது சலுகையைக் கேட்கும் உரிமையை. கேட்டு, நிரூபித்து, வாங்குவது நம் பாடு.

முதலில் தேதியைப் பாருங்கள். ஆப்பிரிக்கக் கண்டத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் 2018 மார்ச்சில் ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில் கையெழுத்தானது, 2019 மே 30 அன்று அமலுக்கு வந்தது, 2021 ஜனவரி 1 முதல் வர்த்தகம் தொடங்கியதாக அறிவித்தார்கள். ஆனாலும் 2022 அக்டோபரில் சில நாடுகளை மட்டும் சேர்த்துக்கொண்டு, கையைப் பிடித்து நடக்கக் கற்றுக்கொடுப்பதுபோல ஒரு முன்னோட்டத் திட்டம் தொடங்க வேண்டியிருந்தது. அதனால் உங்கள் நாடும் வாங்குபவர் நாடும் ஏற்பளித்துவிட்டனவா, உங்கள் பொருள் வரிக்குறைப்பு அட்டவணையில் இருக்கிறதா, இருந்தால் இந்த வருடம் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 2006-இல் அமலுக்கு வந்த தெற்காசியத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தில், நன்றாக விற்கக்கூடிய பொருட்கள் பல 'உணர்திறன் பட்டியல்' என்ற பெயரில் வெளியே நின்றன. இன்னொன்று, சாதாரண வரியே பூஜ்யம் என்றால் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம்.

அடுத்தது எச்.எஸ். கோடு, அதாவது ஒவ்வொரு பொருளுக்கும் சுங்கத்துறை தரும் வகைப்பாட்டு எண். முதல் 6 இலக்கம் உலகம் முழுக்க ஒன்றுதான், அதற்கு மேல் அவரவர் நாட்டு வழக்கம். பெயரளவில்தான் ஒன்று என்றும் சொல்லலாம், ஏனென்றால் இந்த எண் பட்டியலை அவ்வப்போது திருத்துவார்கள்; ஒப்பந்தம் 2012 பதிப்பில் எழுதப்பட்டிருக்கும், சுங்கத்துறை 2022 பதிப்பில் வேலை செய்யும், நடுவில் உங்கள் பொருள் வேறு எண்ணுக்கு மாறியிருக்கும். சந்தேகம் இருந்தால் வாங்குபவரை, இறக்குமதி செய்யும் நாட்டின் சுங்கத்துறையிடம் முன்கூட்டியே எழுத்தில் தீர்ப்பு வாங்கச் சொல்லுங்கள். கொஞ்சம் தாமதமாகும், ஆனால் கண்டெய்னர் துறைமுகத்தில் நின்றபிறகு வாதாடுவதைவிட மேல்.

சரி, இப்போது உண்மையான தலைவலி: ஒரிஜின் விதி. பொருள் உறுப்பு நாட்டில் 'பிறந்தது' என்று காட்ட வேண்டும். தென்கிழக்காசிய நாடுகளின் ஆசியான் ஒப்பந்தத்திலும், அவற்றோடு சீனா, ஜப்பான் போன்ற நாடுகளும் சேர்ந்த ஆர்செப் ஒப்பந்தத்திலும் பெரும்பாலும் இரண்டு வழி: பிராந்திய மதிப்பு, அதாவது விலையில் உறுப்பு நாடுகளில் உருவான பங்கு, 40 சதவீதம் இருக்க வேண்டும், அல்லது வெளியிலிருந்து வந்த மூலப்பொருளின் 4 இலக்க எண்ணும் முடிந்த பொருளின் எண்ணும் வேறாக இருக்க வேண்டும்.

ஒரு மின்விசிறியை எடுத்துக்கொள்வோம். எஃப்.ஓ.பி. விலை (கப்பலில் ஏற்றும்வரையான விலை) 100, உறுப்பு நாடுகளுக்கு வெளியிலிருந்து வந்த பாகங்கள் 62 என்றால் பிராந்திய மதிப்பு 38, போச்சு. இரண்டாம் வழிக்கு வாருங்கள். மோட்டார் 8501, விசிறி 8414, எண் மாறுகிறது, மோட்டார் எவ்வளவு விலையானாலும் பிரச்சினை இல்லை. ஆனால் சல்லிசான இறக்கைகள் இருக்கிறதே, அவை விசிறியின் பாகம் என்பதால் அதே 8414-இல்தான் வரும், அங்கே மாட்டிக்கொள்வீர்கள்! அப்புறம்தான் விலக்கு வரம்பைத் தேட வேண்டும்: எண் மாறாத பாகங்களின் மதிப்பு எஃப்.ஓ.பி.யில் 10 சதவீதத்துக்குள் இருந்தால் இந்த இரண்டு ஒப்பந்தங்களும் விட்டுவிடும். வேறு உறுப்பு நாட்டில் பிறந்த இறக்கையை வாங்கினால் அதையும் சொந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். உள்ளூர் வியாபாரியிடம் வாங்கினாலே உள்ளூர்ச் சரக்கு என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை, அவர் எங்கிருந்து வாங்கினார் என்பதுதான் கேள்வி. வெறுமனே பொட்டலம் கட்டி லேபிள் ஒட்டுவதும் கணக்கில் வராது. நாணய மதிப்பு ஆடும்போது நேற்றைய 42 இன்று 39 ஆகிவிடும், எனவே விளிம்பில் நிற்கிறவர்கள் ஒவ்வொரு ஷிப்மென்ட்டுக்கும் கணக்கைப் புதிதாகப் போடுங்கள். எனக்குத் தெரிந்து பல சிறு ஏற்றுமதியாளர்கள் சலுகையையே வேண்டாம் என்று விட்டுவிடுவது இந்தக் கணக்குக்குப் பயந்துதான், அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

காகிதத்தில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டியது: இன்வாய்ஸ், பில் ஆஃப் லேடிங் (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீது), ஒரிஜின் சான்றிதழ் மூன்றிலும் பொருளின் பெயரும் எடையும் எச்.எஸ். எண்ணும் ஒத்துப்போகிறதா? மூன்றாம் நாட்டிலிருந்து இன்வாய்ஸ் போட்டால் அதைச் சான்றிதழில் குறிப்பிட வேண்டும். வழியில் வேறு நாட்டில் கப்பல் மாறினால், அங்கே சரக்கைப் பிரிக்கவில்லை, சுங்கக் கட்டுப்பாட்டிலேயே இருந்தது என்பதற்கு ஆவணம் வேண்டும்.

சரக்கு வெளியே வந்துவிட்டால் முடிந்தது என்று ஃபைலைத் தூக்கிப் போடாதீர்கள். பின்னாலும் சரிபார்ப்பு வரும். இந்தியா 2020 செப்டம்பர் 21 முதல், ஒரிஜின் விவரங்களை இறக்குமதியாளரே கையில் வைத்திருக்க வேண்டும், 5 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. அதாவது உங்கள் விலைக் கணக்கை வாங்குபவர் கேட்பார். ரகசியம் என்று தயங்கினால், யாருக்கு எதைக் காட்டுவது என்று ஆர்டர் எடுக்கும்போதே பேசிவிடுங்கள். தரச்சான்று, ஆய்வகச் சோதனை போன்றவை வரியோடு சம்பந்தமில்லாத தனிக்கதை, வரி பூஜ்யமானாலும் அவை அப்படியே நிற்கும், அவற்றையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

சான்றிதழ் நேரத்துக்கு வரவில்லையா? ஆர்செப்பில் கப்பல் கிளம்பி ஓராண்டுக்குள், 'பிற்பாடு வழங்கப்பட்டது' என்ற குறிப்போடு வாங்கிக்கொள்ளலாம். அதுவரை முழு வரியைக் கட்டி, இறக்குமதி நாட்டுச் சட்டம் அனுமதித்தால் பிறகு திரும்பக் கேட்கலாம். ஆனால் சலுகை கேட்கப் போகிறோம் என்பதைச் சரக்கு இறங்கும்போதே எழுதிக் கொடுக்கச் சொல்லும் நாடுகளும் உண்டு, எனவே சுங்க வேலையைப் பார்க்கும் கிளியரிங் ஏஜென்டிடம் முதல் நாளே இதைக் கேட்டு வையுங்கள்.