எந்த அட்டாரி? உரிமை வரலாற்றை எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீடியோ விளையாட்டு நிறுவனமான அட்டாரியைப் பற்றி எழுத உட்காரும் எவருக்கும் முதலில் தோன்றும் வாக்கியம், ‘1972இல் தொடங்கிய அட்டாரி நிறுவனம் ஐம்பது ஆண்டுகளைக் கடந்தும் இயங்கி வருகிறது’ என்பதாகத்தான் இருக்கும். பிழையும் அங்கேயே தொடங்கிவிடுகிறது. நோலன் புஷ்னெலும் டெட் டாப்னியும் 1972 ஜூனில் கலிபோர்னியாவில் பதிவு செய்த நிறுவனம் 1984இல் கூறுபோடப்பட்டது. இன்று அப்பெயரைத் தாங்கி நிற்பது பாரிஸைத் தலைமையிடமாகக் கொண்ட அட்டாரி எஸ்.ஏ.; அது 1983இல் பிரான்சில் இன்ஃபோகிராம்ஸ் என்ற பெயரில் பிறந்து, 2009இல்தான் இப்பெயரைச் சூட்டிக்கொண்டது. பெயர்ப் பலகை பழையது, கல்லாவில் இருப்பவர் வேறு. எனவே ஒவ்வொரு வாக்கியத்தையும் எழுதுமுன் எந்த ஆண்டின் அட்டாரி, எந்தப் பதிவின் கீழ் இருந்த அட்டாரி என்று கேட்டுக்கொள்வது நல்லது.

ஜப்பானிய நிறுவனம் என்று எழுதிவிடுவது சிறிய பிழை. கோ என்னும் பலகை விளையாட்டில், அடுத்த நகர்த்தலில் காய் பிடிபடும் நிலையைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்லைத்தான் அமெரிக்கர்களான அவ்விருவரும் தங்கள் நிறுவனத்துக்குப் பெயராக வைத்தார்கள்.

திரைப்படம் ஒன்றை ஒட்டி வந்த இ.டி. என்ற ஒரே விளையாட்டு அட்டாரியை அழித்தது என்று முடித்துவிடுவது சற்றுப் பெரிய பிழை. 1976இல் சுமார் 2.8 கோடி டாலருக்கு அட்டாரியை வாங்கியிருந்த வார்னர் கம்யூனிகேஷன்ஸுக்கு, 1983இல் அதனால் நேர்ந்த நட்டம் 50 கோடி டாலரைத் தாண்டியது. விற்காமல் தேங்கிய கார்ட்ரிட்ஜுகள் (விளையாட்டைத் தாங்கிய செருகுபெட்டிகள்) நியூ மெக்சிகோவின் ஆலமகோர்டோ குப்பைமேட்டில் புதைக்கப்பட்டதும், 2014இல் அவற்றில் சில தோண்டி எடுக்கப்பட்டதும் உண்மையே. ஆனால் அளவுக்கு மீறிய உற்பத்தி, சந்தையில் குவிந்த தரமற்ற விளையாட்டுகள், மலிவான வீட்டுக் கணினிகளின் போட்டி ஆகியவற்றை விட்டுவிட்டு ஒரு கார்ட்ரிட்ஜின் தலையில் பழியைப் போடுவது கதைக்குச் சுவை சேர்க்குமே தவிர, உரிமை ஏன் கைமாறியது என்பதை விளக்காது.

மிகுதியாகத் தடுமாற வைப்பது 1984ஆம் ஆண்டு. ‘கொமடோர் கணினி நிறுவனத்தின் நிறுவனர் ஜாக் டிராமியலுக்கு வார்னர் அட்டாரியை விற்றது’ என்று எழுதினால் பாதி உண்மைதான் கிடைக்கும். டிராமியல் வாங்கியது, தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் வீட்டுக் கன்சோல்களின் பிரிவையும் வீட்டுக் கணினிப் பிரிவையும் மட்டுமே. அவர் தம் நிறுவனத்துக்கு அட்டாரி கார்ப்பரேஷன் என்று பெயரிட்டார். கடைகளில் காசு போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரங்களைச் செய்த பிரிவு வார்னரிடமே தங்கி, அட்டாரி கேம்ஸ் என்று வேறொரு நிறுவனமாயிற்று. 1985இல் அதன் 60 விழுக்காட்டை ஜப்பானின் நாம்கோ வாங்கியது. ஆக ஒரே காலத்தில் இரண்டு அட்டாரிகள் இருந்தன. ஆர்கேட் அட்டாரி தன் பெயரை வீட்டு விளையாட்டுகளில் பயன்படுத்தக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்ததால், அத்தகைய விளையாட்டுகளை டெங்கன் என்ற பெயரில் வெளியிட்டது. (டெங்கன் என்பதும் கோ பலகையின் நடுப்புள்ளிக்கு உரிய பெயர்தான், விட்ட இடத்திலேயே போய்ப் பெயர் தேடியிருக்கிறார்கள்.) 1989இல் டெட்ரிஸ் விளையாட்டுக்காக நிண்டெண்டோவுடன் வழக்காடியது இந்த டெங்கன்தான் என்பதால், டிராமியலின் அட்டாரியை அந்த வழக்கில் சேர்த்து எழுதுவது தவறு.

ஆர்கேட் கிளையின் பிற்கால வரலாற்றில் ஒரு வேடிக்கை உண்டு. 1993இல் டைம் வார்னர் அதன் கட்டுப்பாட்டை மீண்டும் கைப்பற்றி, 1996இல் டபிள்யூ.எம்.எஸ். நிறுவனத்துக்கு விற்றது, அங்கிருந்து மிட்வே கேம்ஸின் பகுதியாகி, பிறகு மிட்வே கேம்ஸ் வெஸ்ட் என்று பெயர் மாறி, 2003இல் மூடப்பட்டது. 2009இல் மிட்வே நொடித்தபோது அதன் சொத்துகளில் பெரும்பகுதியை வாங்கியது வார்னர் பிரதர்ஸ். அதனால்தான் 1985இல் அட்டாரி கேம்ஸ் உருவாக்கிய கான்ட்லெட் இன்றைய அட்டாரியின் சொத்தாக இல்லை. ஆஸ்டராய்ட்ஸும் சென்டிபீடும் போன்ற பழைய விளையாட்டுகளோ அதனிடம் இருக்கின்றன. அட்டாரி என்று திரையில் பளிச்சிடுவதை வைத்து உரிமையாளரை ஊகிப்பவர்கள் வழுக்கி விழும் இடம் இதுவே.

தமிழில் எழுதுவோருக்கு மட்டுமே உரிய ஓர் இடர்ப்பாடும் இருக்கிறது. காப்புரிமை என்ற ஒரே சொல்லை நாம் மூன்று பொருளில் வீசிவிடுகிறோம். கண்டுபிடிப்புக்கு வழங்கப்படுவது காப்புரிமை. விளையாட்டின் நிரல், ஓவியம், இசை ஆகியவற்றுக்கு இருப்பது பதிப்புரிமை. பெயருக்கும் சின்னத்துக்கும் இருப்பது வணிகக்குறி. மூன்றும் தனித்தனியே கைமாறக் கூடியவை. அட்டாரியின் அமெரிக்கக் கிளைகள் நீதிமன்றப் பாதுகாப்பு கோரியதை அடுத்து 2013இல் நடந்த ஏலத்தில், ஸ்டார் கண்ட்ரோல் என்ற விளையாட்டுத் தொடரின் பெயரை அட்டாரியிடமிருந்து ஸ்டார்டாக் நிறுவனம் வாங்கியது. ஆனால் முதல் இரண்டு விளையாட்டுகளைப் படைத்த பால் ரைச், ஃபிரெட் ஃபோர்டு ஆகியோர் அவற்றின் பதிப்புரிமை தங்களுடையது என்று வாதிட்டு, வழக்கு 2019இல் சமரசத்தில் முடிந்தது. பெயரை வாங்கியவர் பெயருக்குள் இருப்பதையும் வாங்கிவிட்டார் என்று எழுதும் பழக்கத்தை இந்த ஒரு வழக்கே விடச் செய்ய வேண்டும். அதே ஏலத்தில் 1980ஆம் ஆண்டின் புகழ்பெற்ற பேட்டில்சோன், ரெபெல்லியன் நிறுவனத்துக்குப் போயிற்று.

டிராமியலின் அட்டாரி வெளியிட்ட ஜாகுவார் கன்சோல் பற்றிய தகவலிலும் இதே குழப்பம் உண்டு. அட்டாரியின் பெயரையும் உடைமைகளையும் அப்போது வைத்திருந்த ஹாஸ்ப்ரோ இன்டராக்டிவ், 1999இல் அதைத் திறந்த தளமாக அறிவித்ததைப் பிடித்துக்கொண்டு, ஜாகுவார் விளையாட்டுகள் அனைத்தும் பொதுச்சொத்தாகிவிட்டன என்று எழுதுவோர் இருக்கிறார்கள். உரிமம் கேட்காமல் அந்தக் கருவிக்குப் புதிய விளையாட்டுகள் செய்யலாம் என்பதே அறிவிப்பின் சாரம். ஏற்கெனவே வெளிவந்த விளையாட்டுகளின் பதிப்புரிமையும் அட்டாரி என்ற வணிகக்குறியும் அதில் அடங்கவில்லை. அக்கன்சோலின் உறையை வார்க்கும் அச்சுகள் பின்னாளில் பல் மருத்துவக் கருவி செய்யும் நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அச்சு போன இடத்துக்குப் பெயர் போகவில்லை.

அட்டாரி 2600 என்ற வீட்டுக் கன்சோலில் ஓடியதெல்லாம் அட்டாரியுடையது என்பதும் நிற்காத கூற்று. ஸ்பேஸ் இன்வேடர்ஸ் டைட்டோவிடமிருந்தும், பேக்-மேன் நாம்கோவிடமிருந்தும் உரிமம் பெற்று வந்தவை. பிட்ஃபால் வெளியிட்ட ஆக்டிவிஷனோ, அட்டாரியை விட்டு வெளியேறிய நிரலாளர்கள் 1979இல் தொடங்கிய தனி நிறுவனம்.

தொகைகளை ஒப்பிடும்போது இன்னும் கவனம் வேண்டும். டிராமியலின் அட்டாரி 1996இல் ஹார்ட் டிஸ்க் செய்யும் ஜே.டி.எஸ். நிறுவனத்துடன் இணைந்து, 1998இல் அந்நிறுவனம் அட்டாரியின் பெயரையும் உடைமைகளையும் 50 லட்சம் டாலருக்கு ஹாஸ்ப்ரோ இன்டராக்டிவுக்கு விற்றது. 2001இல் இன்ஃபோகிராம்ஸ் சுமார் 10 கோடி டாலர் கொடுத்தது. இரண்டையும் அருகருகே வைத்து, மூன்றே ஆண்டுகளில் அட்டாரியின் மதிப்பு இருபது மடங்கு உயர்ந்தது என்று எழுதினால் கணக்கு சரி, செய்தி பொய்: இரண்டாவது தொகை ஹாஸ்ப்ரோ இன்டராக்டிவ் முழுமைக்கும் கொடுத்த விலை, அட்டாரி அதனுள் ஒரு பகுதி மட்டுமே. அந்தத் தொகையிலும் பெரும்பங்கு பங்குகளாகத்தான் கொடுக்கப்பட்டது.

2003இல் இன்ஃபோகிராம்ஸ் தன் அமெரிக்கக் கிளைக்கு அட்டாரி இன்க். என்று பெயர் வைத்தது. அக்கிளை ஜி.டி. இன்டராக்டிவ் என்ற வேறொரு நிறுவனத்தின் வழிவந்தது. 1972இன் அட்டாரி இன்க். வேறு, 2003இன் அட்டாரி இன்க். வேறு, எழுத்துக்கு எழுத்து ஒத்திருப்பதாலேயே ஆவணங்களைத் தேடுவோர் ஏமாறுகிறார்கள். 2013 ஜனவரியில் நீதிமன்றப் பாதுகாப்பு கோரியவையும் இந்த அமெரிக்கக் கிளைகளே, பிரெஞ்சுத் தாய் நிறுவனம் அன்று. ஒருவர் மஞ்சள் கடிதம் கொடுத்துவிட்டார் என்றால் கடையை இழுத்து மூடிவிட்டார் என்று நாம் புரிந்துகொள்வோம். அக்கிளைகள் நாடிய, அமெரிக்கத் திவால் சட்டத்தின் 11ஆம் அத்தியாயமோ கடன்காரர்களை நிறுத்திவைத்துத் தொழிலைச் சீரமைக்க இடம் தருவது. எனவே ‘அட்டாரி திவாலாகி மறைந்தது’ என்று எழுதினால், வேட் ரோசன் 2021இல் தலைமை ஏற்றதையும் 2023இல் நைட்டைவ் ஸ்டுடியோஸை வாங்கியதையும் எந்த நிறுவனத்தின் கணக்கில் வைப்பது?

2024 மே மாதச் செய்தியையே எடுத்துக்கொள்வோம். ‘அட்டாரி தன் பழைய போட்டியாளரான இன்டெலிவிஷனை வாங்கியது’ என்ற தலைப்பு கவர்ச்சியானது. இன்டெலிவிஷன் கன்சோலைச் செய்து 2600உடன் மோதியது பொம்மை நிறுவனமான மேட்டல். மோதலைச் சந்தித்தது வார்னரின் அட்டாரி. 2024இல் நடந்ததைப் பிழையின்றிச் சொல்வதானால், முன்னாள் இன்ஃபோகிராம்ஸான அட்டாரி எஸ்.ஏ., இன்டெலிவிஷன் என்டர்டெயின்மென்ட் நிறுவனத்திடமிருந்து அந்தப் பெயரையும் இருநூறுக்கு மேற்பட்ட விளையாட்டுகளின் உரிமையையும் வாங்கியது. விற்ற நிறுவனம் அமிகோ கன்சோல் திட்டத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டது.