கிட்னி டீ வடிகட்டி இல்லை

சிறுநீரகத்தை டீ வடிகட்டி மாதிரி நினைத்துக்கொள்வதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பலவும் அதிலிருந்தே வருகின்றன.

நடப்பது கிட்டத்தட்ட போகிக்கு வீட்டை ஒழிப்பது போல. பரணில் இருக்கும் அத்தனையையும் முற்றத்தில் இறக்கிவிட்டு, வேண்டியதை மட்டும் திரும்ப ஏற்றுவோம் இல்லையா? ஒவ்வொரு சிறுநீரகத்திலும் நெஃப்ரான் எனப்படும் நுண்ணிய வடிகட்டும் அலகுகள் சுமார் 10 லட்சம். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு ரத்தக்குழாய் முடிச்சு. ரத்த அணுக்களையும் அல்புமின் போன்ற பெரிய புரதங்களையும் அது தடுத்துவிடும். தண்ணீர், உப்பு, சர்க்கரை, யூரியா எல்லாம் ரத்த அழுத்தத்தில் வெளியே வந்துவிடும், ஒரு நாளைக்கு சுமார் 180 லிட்டர். உடம்பில் இருக்கும் ரத்தமே 5 லிட்டர்தான்! அப்புறம் நீளமான குழல் வழியே போகும்போது 99 சதவீதத் தண்ணீரும், சர்க்கரை ஏறக்குறைய முழுவதும் ரத்தத்துக்கே திரும்பிவிடும். மிஞ்சும் ஒன்றரை லிட்டர்தான் சிறுநீர்.

"யூரினில் சர்க்கரை இல்லை, அதனால் சுகர் இல்லை" என்பது ஏன் தப்பு என்று இப்போது புரியும். வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை 126 வந்தாலே நீரிழிவு என்று சந்தேகிக்க வேண்டும். ஆனால் குழல்கள் சுமார் 180 வரை சளைக்காமல் திரும்ப எடுத்துக்கொள்ளும். இடைப்பட்ட நிலையில் சிறுநீர் சுத்தமாகவே இருக்கும். ரத்தத்தைத்தான் சோதிக்க வேண்டும்.

குடம் குடமாகத் தண்ணீர் குடித்தால் கிட்னி 'கழுவப்படும்' என்பது இன்னொன்று. கூடுதல் தண்ணீரால் வடிகட்டும் வேலை கூடுவதில்லை. குழல்கள் திரும்ப எடுக்கும் தண்ணீர்தான் குறைகிறது. கல் வந்தவர்களுக்கு நிறையக் குடிக்கச் சொல்வது சரி. இதயம் பலவீனமானவர்கள், கிட்னி பழுதானவர்கள் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது.

"சிறுநீர் நன்றாகப் போகிறதே" என்ற நிம்மதியும் வேண்டாம். பழுதான கிட்னியும் நிறைய நீரை விடும். ரத்தத்தில் பார்க்கும் கிரியேட்டினின் என்ற கழிவின் அளவும் ஏமாற்றலாம்: பாதித் திறன் போன பிறகும் ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்றே வரும். சுகர், பிரஷர் உள்ளவர்கள் சிறுநீரில் அல்புமின் கசிகிறதா என்றும் வருடம் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

எனக்கு அதிகம் பயம் தருவது வலி மாத்திரைதான். வெயிலில் வேலை செய்து நீர் வற்றிப்போயிருக்கும் உடம்பில், முடிச்சுக்குள் போகும் ரத்தக்குழாயை விரித்து வைத்து வடிகட்டலைக் காப்பாற்றுவது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள். டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்றவை அதன் உற்பத்தியையே முடக்குகின்றன. குழாய் சுருங்குகிறது, அழுத்தம் விழுகிறது, வடிகட்டல் படுத்துவிடுகிறது. வாந்தி, பேதி நேரத்திலும் இதே கதைதான். மூட்டு வலிக்கென்று மருந்துக்கடையில் மாதக்கணக்கில் தானே வாங்கிப் போடுபவர்கள் எத்தனை பேர்! அளவோடு எடுக்கும் பாராசிட்டமால் இந்த வகையில் சேராது.