குழந்தையின் இடுப்பு ஸ்கேன்: கோணம் அளப்பதற்கு முன்பே நடந்துவிடும் தவறுகள்

பிறந்த குழந்தையின் இடுப்பு மூட்டை எக்ஸ்ரேயில் பார்த்தால் பாதிதான் தெரியும். தொடை எலும்பின் தலை அப்போது முழுக்கக் குருத்தெலும்பு, அது எக்ஸ்ரேயில் பதியாது. அல்ட்ராசவுண்டில் அது நன்றாகவே தெரியும். ஆஸ்திரிய எலும்பு மருத்துவர் ரைன்ஹார்ட் கிராஃப் 1980-இல் வெளியிட்ட முறையைத்தான் இன்றும் பலர் பின்பற்றுகிறார்கள். அந்தத் தலை பொருந்தும் இடுப்புக் கிண்ணத்தின் எலும்புக் கூரை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதை ஆல்ஃபா என்ற கோணத்தால் சொல்லும் முறை அது. 60 டிகிரியும் அதற்கு மேலும் என்றால் முதிர்ந்த மூட்டு. 43-க்குக் கீழே என்றால் தலை கிண்ணத்தை விட்டு விலகிய மூட்டு.

புதிதாகக் கற்பவர்கள் கோணம் அளக்கக் கோடு போடுவதில்தான் குறியாக இருப்பார்கள். என்னைக் கேட்டால், கோடு போடுவதற்கு முன்பே ஆட்டம் முடிந்துவிடுகிறது. ஒரு தேங்காய் மூடியை நடுவில் அறுத்தால் ஆழமாகத் தெரியும், ஓரத்தில் அறுத்தால் தட்டையாகத் தெரியும். மூடி என்னவோ ஒன்றுதான். கிண்ணமும் அப்படியே. அதனால் படத்தில் மூன்று அடையாளங்கள் இருந்தே ஆக வேண்டும்: கிண்ணத்தின் ஆழத்தில் இலியம் என்ற இடுப்பு எலும்பின் கீழ்முனை, மேலே நேர்கோடாக ஓடும் இலியம், கூரையின் விளிம்பில் லேப்ரம் என்ற மூட்டு ஓரத் திசு. மேலே உள்ள கோடு வளைந்திருந்தால் ப்ரோப், அதாவது உடலில் வைக்கும் ஸ்கேன் கருவி, முன்னாலோ பின்னாலோ நகர்ந்திருக்கிறது. கீழ்முனை தெரியவில்லையா? அளக்காதீர்கள், மறுபடி எடுங்கள். இதற்கு விலக்கு ஒன்றுதான்: மூட்டு நிஜமாகவே விலகியிருந்தால் தலை ஸ்கேன் வெட்டும் அந்தத் தளத்திலேயே இருக்காது. அங்கே வடிவத்தைப் பார்த்தே மூட்டின் வகையைச் சொல்ல வேண்டும்.

இதைவிட ஆபத்து, ப்ரோப் சாய்வது. குழந்தை உதைக்கிறது, கை லேசாகச் சாய்கிறது, அவ்வளவுதான். நல்ல மூட்டுகூடத் திரையில் விலகிய மூட்டாகத் தெரிந்துவிடும். தொடை எலும்பில் குருத்தெலும்பும் எலும்பும் சந்திக்கும் எல்லை தெளிவாகத் தெரியவில்லை என்றால் சாய்வைச் சந்தேகியுங்கள். பிழையான படத்தை நம்பி, கால்களை விரித்து வைக்கும் பாவ்லிக் பட்டை கட்டினால் அதற்கும் ஒரு விலை உண்டு. அந்தப் பட்டையாலேயே தொடைத் தலைக்குப் போகும் ரத்த ஓட்டம் கெடுவது அரிதாக நடக்கிறது. குழந்தைக்குப் பால் கொடுத்து, ஜெல்லைக் கொஞ்சம் சூடாக்கி, பக்கவாட்டில் தொட்டி போன்ற தாங்கியில் படுக்க வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். ப்ரோப் நேர்முகமானதாக, அதாவது லீனியராக இருக்க வேண்டும். வயிற்று ஸ்கேனுக்கு வைத்திருக்கும் வளைந்த ப்ரோப் இதற்கு ஆகாது.

சரி, படம் நன்றாக வந்துவிட்டது. அப்புறமும் நேராகக் கோட்டுக்குப் போகாமல், ஒவ்வொரு பாகமாகப் பெயர் சொல்லி அடையாளம் காணுங்கள். மூட்டு உறையின் மடிப்பை லேப்ரம் என்று எடுத்துக்கொண்டால் குருத்தெலும்புக் கூரையை அளக்கும் பீட்டா கோணம் தப்பாகிவிடும். இந்தக் கோணங்களை அளக்கப் போடும் மூன்று கோடுகளும் ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு இழுத்துப் பொருத்துவதும் வழக்கமான தவறுதான். பெரும்பாலான மூட்டுகளில் அவை அப்படிச் சந்திப்பதில்லை.

வயதை விட்டுவிட்டு எண்ணை மட்டும் படிப்பவர்களும் உண்டு. 55 டிகிரி நான்கு வாரக் குழந்தைக்கு இன்னும் முதிராத மூட்டு, கவனித்துக்கொண்டிருந்தால் போதும். அதே 55 நான்கு மாதத்தில் வந்தால் வளர்ச்சி பின்தங்கியிருக்கிறது என்று பொருள். இரண்டுக்கும் நடுவே உள்ள எல்லை 12 வாரம். குறைமாதக் குழந்தைக்கு வயதைத் திருத்திக் கணக்கிட வேண்டும்.

எப்போது எடுப்பது என்பதில் நாடுகள் ஒத்துப்போவதில்லை. ஆஸ்திரியாவில் 1992 முதல் எல்லாக் குழந்தைகளுக்கும் முதல் வாரத்தில் ஒரு முறை, 6 முதல் 8 வாரத்துக்குள் இன்னொரு முறை. பிரிட்டனில் பிட்டம் கீழாக வயிற்றில் இருந்த குழந்தை, குடும்பத்தில் யாருக்காவது இந்த இடுப்புப் பிரச்சினை இருந்தது, மருத்துவர் கைப்பரிசோதனையில் சந்தேகப்பட்டது போன்றவர்களுக்கு மட்டும். ஆனால் ஆறு மாதம் தாண்டி எடுப்பதில் பெரிய பலன் இல்லை. தலைக்குள் எலும்புக் கரு வளர்ந்து, பின்னால் இருக்கும் கீழ்முனையை நிழலால் மறைத்துவிடும். அந்த வயதில் எக்ஸ்ரேதான் சரி.

அறிக்கையில் வெறுமனே ‘நார்மல்’ என்று எழுதிக் கொடுக்காதீர்கள். இரண்டு பக்கமும், ஒவ்வொன்றுக்கும் இரண்டு படம், கோணம், வகை, குழந்தையின் வயது இவ்வளவும் இருந்தால்தான் அடுத்து பார்ப்பவர் சரிபார்க்க முடியும்.